"பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு" மெயிலும் முதலாளி குரலில் வரும் போனும்

இந்த இரண்டு மோசடியையும் எப்படித் தடுப்பது, பணம் போய்விட்டால் என்ன செய்வது என்று நாலு ஊரில் வேலை செய்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சொல்கிறார்கள்.

ஏற்றுமதிக் கணக்குப் பிரிவு, திருப்பூர்

திருப்பூர் கம்பெனிகளுக்கு இப்போது வருகிற மோசடி மெயில் இப்படித்தான் இருக்கிறது. நூல் மில் பேரில் வரும். "ஆடிட் நடப்பதால் பழைய கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், இந்த வாரப் பேமென்டைக் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்." பில் நம்பர் சரி, நூலின் கவுன்ட் (பருமன் எண்) சரி, கிலோ சரி, ஜிஎஸ்டி தொகை பைசா வரை சரி. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் மட்டும் வேறு. முன்பு இங்கிலீஷ் தடுமாறும், அதை வைத்தே பிடித்துவிடலாம். இப்போது பழைய மெயில் நாலைந்தை ஏஐயிடம் கொடுத்தால் அந்த மில் மேனேஜர் எழுதுகிற மாதிரியே எழுதித் தந்துவிடுகிறது. மொழியைப் பார்த்துச் சந்தேகப்படுகிற காலம் முடிந்தது.

கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் அந்த மெயிலுக்குப் பதில் போடக்கூடாது. அதன் அடியில் இருக்கும் நம்பருக்கும் கூப்பிடக்கூடாது. டேலி கணக்கு சாஃப்ட்வேரின் லெட்ஜரிலோ பழைய ஆர்டர் தாளிலோ உள்ள நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். கேன்சல் செய்த செக் படம் கேட்டு வாங்குவது போதாது, அதையும் போலியாகச் செய்துவிடுகிறார்கள்.

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதி, ரிசர்வ் வங்கி உத்தரவின்படி 2025 ஏப்ரலிலிருந்து நெட்பேங்கிங்கில் இருக்கிறது. மில் பிரைவேட் லிமிடெட்டாக இருந்து, பெயர் ஏதோ ஒரு டிரேடர்ஸ் என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் பொருந்தினாலும் முதலில் 17 ரூபாய், 23 ரூபாய் என்று ஒரு சில்லறைத் தொகை அனுப்பி, பழைய நம்பரில் கூப்பிட்டு "எவ்வளவு வந்திருக்குங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். தொகையை நீங்கள் சொல்லக்கூடாது.

இதே வேலை எதிர்ப்பக்கமும் நடக்கும். உங்கள் பேரில் வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் போகும். சரக்கு கப்பலேறியிருக்கும், பணம் வேறெங்கோ போயிருக்கும். ஆகவே சரக்குக்கு முன் அனுப்பும் ப்ரோஃபார்மா இன்வாய்ஸிலேயே "எங்கள் வங்கிக் கணக்கு மெயில் வழியாக மாறாது" என்று ஒரு வரி அச்சிட்டு, ஆர்டர் பேசும்போதே பையரிடமும் சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டர், மெயில் பராமரிப்பு, கோவை

திருப்பூர் அண்ணன் சொன்னதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: கிலோவும் பில் நம்பரும் மோசடிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டில் ஒரு கம்பெனியின் மெயில் பெட்டிக்குள் அவன் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறான். பாஸ்வேர்டு மாற்றிவிட்டால் போய்விடுவான் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உள்ளே வந்ததும் அவன் முதலில் ஒரு ரூல் போடுகிறான்: "இன்வாய்ஸ், பேமென்ட் என்ற சொல் வந்தால் ஒரு நகல் எனக்கு." பாஸ்வேர்டு மாறினாலும் அந்த ரூல் அப்படியே இருக்கும்.

ஜிமெயிலில் செட்டிங்ஸுக்குள் ஃபில்டர்ஸ், ஃபார்வர்டிங் இரண்டு பக்கத்தையும் திறந்து பாருங்கள். அவுட்லுக்கில் ரூல்ஸ் பக்கம். கூடவே ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்கிற, யாரும் தொடாத ஃபோல்டரையும் பாருங்கள். பார்ட்டியின் பதில் மெயில்கள் உங்கள் கண்ணில் படாமல் அங்கே தள்ளப்பட்டிருக்கும். ரூலை அழித்த பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் சைன் அவுட் செய்து, ரெக்கவரி நம்பரையும் சரிபாருங்கள்.

'இன்ஃபோ' என்று தொடங்கும் பொது மெயில் ஐடி ஒன்றை ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் திறப்பது, அதன் ஓடிபியை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவது, இரண்டும் நிற்க வேண்டும். ஆளுக்கொரு ஐடி, ஓடிபிக்குப் பதில் பாஸ்கீ (போன் லாக், கைரேகை வைத்துத் திறப்பது) அல்லது கோடு காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்.

சொந்த டொமைன் (கம்பெனி பேரில் முடியும் மெயில் முகவரி) இருந்தால், அந்த முகவரியில் வேறு யாரும் மெயில் அனுப்பாமல் காக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் போடுங்கள். பல கம்பெனிகளில் டிமார்க் 'நன்' என்ற நிலையிலேயே வருடக்கணக்கில் கிடக்கிறது. அது அறிக்கை அனுப்புமே தவிர எதையும் தடுக்காது. சில வாரம் அறிக்கை பார்த்து, உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் மெயிலும் தேறுகிறதா என்று உறுதி செய்துகொண்டு 'குவாரன்டைன்' (ஸ்பேமில் தள்ளு), பிறகு 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று ஏற்றுங்கள். ஆங்கில எம் (m) எழுத்துக்குப் பதில் ஆர், என் (rn) இரண்டையும் ஒட்டிப் போட்டு வாங்கிய போலி டொமைனை இது நிறுத்தாது. அதற்கு அந்தப் பழைய நம்பர் போன்தான்.

ஆடிட் ஆபீஸ், ஈரோடு

போனிலும் ஒரு ஓட்டை இருக்கிறது சார். முதலாளி குரலை நகலெடுக்க யூடியூபில் அவர் பேசிய சிறிய வீடியோ ஒன்றே போதும். வீடியோ காலும் சாட்சி ஆகாது. 2024இல் ஹாங்காங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். மெயிலைப் பார்த்த ஊழியருக்கு முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் வீடியோ காலில் நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் தெரிந்ததும் நம்பிவிட்டார். எல்லா முகமும் போலி. 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலர் போனது.

வந்த அழைப்பில் வேலை முடிக்காதீர்கள். வைத்துவிட்டு, உங்கள் போனில் சேமித்து வைத்த நம்பருக்கு நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். ஒரு ரகசியச் சொல் நேரில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள், பிள்ளை பெயர் கூடாது, வாட்ஸ்ஆப்பில் அனுப்பவும் கூடாது.

முதலாளிமாருக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "திரும்பக் கூப்பிட்டா திட்ட மாட்டேன்" என்று கணக்குப் பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள். திட்டு விழுமே என்ற பயத்தில்தான் அவசர ஆர்டிஜிஎஸ் போகிறது.

கடைவீதி மொபைல் சர்வீஸ், கரூர்

வாட்ஸ்ஆப்பில் "வண்டி சலான்" என்று வரும் ஏபிகே கோப்பை (ஆப் நிறுவும் கோப்பு) திறந்தால் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவனுக்கு. வங்கி சிம் இருக்கும் போனில் வேறு வேலை வைக்காதீர்கள்.

ஏற்றுமதிக் கணக்குப் பிரிவு, திருப்பூர்

பணம் போய்விட்டால் என்று கேட்டவர்களுக்கு: உடனே 1930, அதாவது சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கையில் யுடிஆர் எண் (வங்கி அந்தப் பரிமாற்றத்துக்குத் தரும் எண்), போன கணக்கு எண், தொகை, நேரம். அதே வேளையில் இன்னொருவர் வங்கியைக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி. பையர் அனுப்பிய வெளிநாட்டுப் பணம் என்றால், ஸ்விஃப்ட் ரீகால் (அனுப்பிய பணத்தைத் திரும்ப அழைப்பது) கேட்க வேண்டியது பையர்தான், அவருடைய வங்கியில். பிறகு சைபர்க்ரைம் அரசுத் தளத்தில் புகார். செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். அந்த மெயிலைப் போலீசுக்கு வெறுமனே ஃபார்வர்ட் செய்தால் ஹெட்டர் விவரம் (மெயில் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்பது) சேர்ந்து போகாது. ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி டவுன்லோட் கொடுத்து, இஎம்எல் கோப்பாகவே சேமித்துக் கொடுங்கள்.