பங்குனி வெயிலில் மாடித் தக்காளி: நிழல்வலை கட்டினால் காய்க்குமா?

மூன்றாம்மாடி (சென்னை):
மாசி பிறந்ததும் நட்ட 18 தக்காளிச் செடிகள். இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாகப் பூ. ஆனால் தினமும் காலையில் செடி வளர்க்கும் பைக்கு அடியில் பூ காம்போடு உதிர்ந்து கிடக்கிறது. எண்ணிப் பார்த்தால் நாலே நாலு காய். வெயிலைப் பாதியாகக் குறைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டலாமா என்று யோசிக்கிறேன். "அந்தக் காசுக்குத் தக்காளியே வாங்கிவிடலாம்" என்கிறார்கள் வீட்டில்.

கீரைப்பாத்தி (ஒட்டன்சத்திரம்):
வீட்டில் சொல்வதுதான் சரி. வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும். தக்காளிக்கு இரவுப் புழுக்கமும் ஆகாது. பகல் 35 டிகிரியையும் இரவு 24-ஐயும் தாண்டினால் மகரந்தம் வீணாகிப் பூ கொட்டிவிடும். உங்கள் மொட்டைமாடித் தளம் நடுராத்திரி வரை அனல் கக்குமே! பிடுங்கிவிட்டு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். வெயிலுக்கென்றே பிறந்த பயிர்கள்.

வைகைக்கரை (மதுரை):
பிடுங்கச் சொல்வது சுலபம்மா. நான் மூன்று வருடமாக வலைக்குள்தான் வளர்க்கிறேன். போன சித்திரையில்கூடத் தக்காளி பறித்தேன். மதுரை வெயிலைவிடவா சென்னை?

கீரைப்பாத்தி:
நாற்று எப்போது நட்டீர்கள் அண்ணே?

வைகைக்கரை:
மார்கழிக் கடைசியில்.

கீரைப்பாத்தி:
அப்படியென்றால் பிஞ்சு பிடித்தது தையிலும் மாசியிலும். அப்போது இரவு குளிர்ச்சிதானே? காய் வெயிலில் வெந்து வெளுக்காமல் வலை காப்பாற்றியிருக்கும். பூவைக் காயாக்கியது வலை இல்லை.

வைகைக்கரை:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வெண்டை என்ன, கவலையில்லாத பயிரா? கோடையில் வெள்ளை ஈ ஏறி, நரம்பெல்லாம் மஞ்சளாகி, 12 செடியும் போனது எனக்கு. கீரையும் வலை இல்லாமல் மதியம் துவண்டு விழுகிறது. தக்காளியையும் பிடுங்க வேண்டாம். கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, நிழலில் வைத்தால் ஆடியில் துளிர்க்கும்.

கீரைப்பாத்தி:
ஆடி வரை நாலு மாதம் சும்மா தண்ணீர் ஊற்றவா? அதற்குள் இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சி குடியேறிவிடும். வெண்டையில் மஞ்சள் நோய் வருவது உண்மைதான். நோய் தாங்கும் என்று வெளியிட்ட அர்க்கா அனாமிகா ரகத்திலும் இப்போது வருகிறது. முதல் செடி மஞ்சளானதுமே பிடுங்கி எறிய வேண்டும். பாவம் பார்த்து விட்டால் மற்றதும் போச்சு. வெண்டையை வலைக்குள் மட்டும் வைக்காதீர்கள். வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், காய் இருக்காது.

குடத்துத்தண்ணீர் (சென்னை):
2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்தது அதற்குள் மறந்துவிட்டதா? வலையா வெண்டையா என்பது அப்புறம். முதலில் பைக்குள் காய்ந்த இலையையோ தேங்காய் நாரையோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போடுங்கள். ஊற்றுகிற தண்ணீராவது மண்ணில் நிற்கும்.

மூன்றாம்மாடி:
மூடாக்கு இன்றைக்கே போடுகிறேன். இன்னொரு சந்தேகம். சுரைக்கொடியில் ஆண் பூவாகவே வருகிறது. வந்த இரண்டு பெண் பூவுக்கும் காலை 8 மணிக்குத் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தேன். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிவிட்டது. இதுவும் வெயில்தானா?

கீரைப்பாத்தி:
ஆண் பூ அதிகமானதற்கு வெயில் ஒரு காரணம். பிஞ்சு சுருங்கியதற்கு உங்கள் கடிகாரம் காரணம்! சுரை அந்தியில் மலரும் பூ, பீர்க்கும் அப்படித்தான். காலை 8 மணிக்கு வேலை முடிந்துபோயிருக்கும். பூசணி, பாகல், வெள்ளரிக்குத்தான் காலை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிக்குப் போங்கள். தூரிகை எதற்கு? ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் இருக்கும், குழப்பமே வராது.

வைகைக்கரை:
இதில் தங்கச்சியோடு எனக்குச் சண்டையில்லை. எங்கள் வீட்டிலும் சுரைக்கு ஆறரை மணிதான்.

மூன்றாம்மாடி:
நேற்று அந்தியில் ஒரு பூவுக்குச் செய்திருக்கிறேன். தக்காளியில் 12 செடிகளைப் பிடுங்கி வெண்டை விதை ஊன்றியாயிற்று. மனசு கேட்காமல் ஆறை மட்டும் விட்டு, மேலே அம்மாவின் பழைய நூல் சேலையைக் கட்டியிருக்கிறேன். வலைச் செலவு மிச்சம்.

வைகைக்கரை:
காற்று அடித்தால் சேலையைப் பக்கத்து மாடியில்தான் தேட வேண்டும், தம்பி. பேசாமல் வலையே வாங்குங்கள்.