மட்குரத் தொட்டியில் நாற்றம், புழு: என்ன செய்வது?

கேள்வி: சென்னை பெருங்குடிப் பக்கம் 40 வீடுகள். மக்கும் குப்பை தினமும் 25 கிலோ சேருகிறது. உரமாக்கத் தொட்டியில் போட்டால் பத்தே நாளில் புளித்த நாற்றம், அடியில் கருப்புத் தண்ணீர், மேலே புழு. பேசாமல் மாநகராட்சி வண்டியில் கொட்டிவிடலாமா?

பதில் 1: புளித்த வாடை என்றால் ஈரம் அதிகம், காற்று இல்லை. ஒரு வாளி குப்பைக்கு ஒரு வாளி காய்ந்த சருகு. குழம்பு, ரசத்தை வடித்துவிட்டுப் போடுங்கள். உள்ளிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழியுங்கள்: ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் தென்னை நார்த்தூள் கலக்க வேண்டும். 3 நாளுக்கொரு முறை அடிவரை கிளறுங்கள். நடுவில் சூடு ஏறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வேறு கதை, அதற்குச் சருகு மட்டும் கூட்டினால் போதும்.

பதில் 2: சருகை நொறுக்கிப் போடுங்க. முழு இலை அப்பளம் மாதிரி படிஞ்சு காத்தை அடைச்சிடும். மேலே 2 அங்குலம் சருகு மூடியிருந்தா ஈ முட்டை வைக்காது. தொட்டியைச் செங்கல் மேல தூக்கி வைங்க. இளநீர்க் கூடு உள்ளே போடவே வேண்டாம்.

பதில் 3: வண்டியில் கொடுக்கலாம், ஆனால் பிரித்து. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. கலந்து போனால் குப்பைக் கிடங்குதான். உங்கள் ஊர்க் கிடங்கை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்புநிலம், 2022 முதல் ராம்சார் தலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்). அந்தக் கருப்புத் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.