குயின்ஸ்டவுன் முதல் டவுட்ஃபுல் சவுண்ட் வரை: வழியில் சந்தித்தவர்கள்

பிப்ரவரி கடைசியில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நியூசிலாந்தின் தென்தீவுக்குத் தனியாகப் போய் 19 நாள் இருந்துவிட்டு வந்தேன். குயின்ஸ்டவுன், டி அனாவ், மில்ஃபோர்டு, மனப்பூரி, அவ்வளவுதான். எங்கே தங்கலாம், எதை முன்பதிவு செய்யலாம் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் சொல்லித் தராமல் போயிருந்தால் கண்ணெதிரே இருந்ததில் பாதி எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

முதல் ஆள் ஆக்லாந்து விமான நிலையத்தில். நடைக்குப் போட்டிருந்த பூட்ஸின் அடியில் கொடைக்கானல் மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. படிவத்தில் கேட்டிருந்தார்கள், நானும் உண்மையை எழுதியிருந்தேன். அந்த அதிகாரி பூட்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சற்று நேரத்தில் பூட்ஸ் ஈரமாக, கடையில் வாங்கியதுபோல் சுத்தமாகத் திரும்பி வந்தது. "எங்கள் காடு தனியாகவே வளர்ந்தது. வெளியிலிருந்து ஒரு விதை வந்தாலும் அதற்குப் புதுசு" என்றார். அப்போது அது வெறும் விதிமுறையாகத்தான் பட்டது. அதன் பொருள் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

குயின்ஸ்டவுன் வாகட்டிப்பு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி 80 கிலோமீட்டர் நீளம், வளைந்து மடங்கிக் கிடக்கிறது. எதிரே ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடர், ரம்பப் பல் போல. ஊர் முழுக்கப் பாராகிளைடிங், ஜெட் படகு, ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி என்று பலகைகள். 1988-ல் வணிகமுறைப் பஞ்சி குதித்தலைத் தொடங்கிய கவராவ் பாலமும் பக்கத்தில்தான். 43 மீட்டர் உயரம். நான் குதிக்கவில்லை, பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏரி மூச்சு விடுவதை" என்றார். பிறகு மாவோரி மக்களின் கதையைச் சொன்னார். மடாவ் என்ற அரக்கன் ஒரு தலைவரின் மகளைத் தூக்கிக்கொண்டு போனானாம். அவளை நேசித்த மடகவுரி, அரக்கன் படுத்துத் தூங்கும்போது அவனுக்குத் தீ வைத்தான். உடம்பு எரிந்து தரையில் பெரிய பள்ளம் விழுந்தது. பனி உருகி அதை நிரப்பியது. முழங்காலை மடக்கிப் படுத்தவனின் வடிவம்தான் ஏரி: தலை கிளெனார்க்கியில், முழங்கால் குயின்ஸ்டவுனில், பாதம் கிங்ஸ்டனில். இதயம் மட்டும் எரியவில்லை, அது இன்னும் துடிக்கிறது. அதனால்தான் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

ஏறி இறங்குவது கதை இல்லை, நிஜம். காற்றும் காற்றழுத்தமும் ஏரித் தண்ணீரை ஒரு பக்கம் தள்ள, அது தாம்பாளத்து நீர்போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடுகிறது. 25 நிமிடத்துக்கு ஒருமுறை போலச் சில அங்குலம் ஏறி இறங்கும். நானும் ஒரு கல்லை வைத்தேன். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. விடுதிச் சமையலறை மூடிவிடும் என்று கிளம்பிவிட்டேன். அவர் சிரித்தார்.

அந்தச் சமையலறையில்தான் ஈப்போவிலிருந்து வந்திருந்த மலேசியத் தமிழ்ப் பெண்ணைப் பார்த்தேன். வேலைசெய்துகொண்டே ஊர்சுற்றும் விசாவில் வந்து ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். பேக்பேக்கர் விடுதிகளில் ஓர் அலமாரி இருக்கும். கிளம்புகிறவர்கள் மிச்சம் இருக்கும் அரிசி, எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவள் அதிலிருந்து அரிசியை எடுத்துச் சோறு வடித்தாள். நான் பருப்புப்பொடியை எடுத்து வைத்தேன். நெய்க்குப் பதில் வெண்ணெய். முதல் வாய் வைத்ததும் "அக்கா, எங்க பாட்டி பொடி மாதிரியே இருக்கு" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஊரில் வேலை நிறைய இருக்கிறது, ஆனால் வாடகைக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு, கூட வேலை செய்கிறவர்களில் சிலர் வண்டியிலேயே தூங்குகிறார்கள் என்றாள். இவ்வளவு பேரின் விடுமுறையைத் தாங்கி நிற்பவர்கள் இவர்கள்தானே என்று அன்று ராத்திரி ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொல்லித்தான் எர்ன்ஸ்லா கப்பலில் போனேன். 1912-ல் நீரில் இறக்கிய நீராவிக் கப்பல். டனிடினில் கட்டி, பிரித்து, துண்டுதுண்டாக ரயிலில் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்களாம். மேல்தளத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இயந்திர அறைக்கு மேலே இருக்கும் பாலத்தில் நின்று, கீழே ஒருவர் கரியை வாரி வாரி உலைக்குள் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு வருடத்துக்கு மேல் இந்த ஏரியின்மேல் யாரோ ஒருவர் இப்படிக் கரி வாரியிருக்கிறார்.

அப்புறம் டி அனாவ், இன்னொரு ஏரிக்கரை ஊர். குயின்ஸ்டவுனின் கூட்டத்துக்குப் பிறகு அது ஒரு பெருமூச்சு. கெப்ளர் டிராக் என்னும் 60 கிலோமீட்டர் சுற்றுப்பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மலைநடைக்கு அங்கே 'டிராம்பிங்' என்று பெயர். முழுச் சுற்றும் என் முட்டிக்கு ஒத்துவராது என்று தெரியும், அதனால் லக்ஸ்மோர் ஹட் என்னும் மலைக்குடில் வரைக்கும் மட்டும் முன்பதிவு செய்திருந்தேன். ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் பீச் (beech) மரக்காடு, தரை முழுக்கப் பாசி மெத்தை, கால் வைத்தால் சத்தமே வராது. ஓரிடத்தில் கதவைத் திறந்தாற்போல் காடு சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மஞ்சள் புல், காற்று, கீழே ஏரி. அந்த ஓர் அடியை என்னால் மறக்கவே முடியாது.

வழி நெடுக மரப்பெட்டிகள் பார்த்தேன். ராத்திரி ஹட்டில் வார்டன் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். தீ பிடித்தால் எங்கே கூடுவது, நாளைக்குக் காற்று எப்படி, பூட்ஸை வெளியே விடாதீர்கள், கெயா கிளி கிழித்துவிடும் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் பெட்டிக் கதைக்கு வந்தார். அவை ஸ்டோட் பிடிக்கும் பொறிகள். கீரி போல ஒல்லியான பிராணி. முயல் பெருகிவிட்டதென்று 1880-களில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்து விட்டது. அது முயலோடு நிற்கவில்லை. வௌவாலைத் தவிர நிலப் பாலூட்டியே இல்லாத நாட்டில் பறவைகள் தரையில் கூடு கட்டிப் பழகியிருந்தன, ஓடத் தெரியாது. முட்டையும் குஞ்சும் போயின. 2050-க்குள் ஸ்டோட், எலி, மரமேறும் பாஸம் (possum) எல்லாவற்றையும் நாட்டைவிட்டே ஒழிப்பது என்று 2016-ல் அரசு இலக்கு வைத்தது. பல பொறிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். "சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள்" என்றார் வார்டன். என் பூட்ஸை ஏன் கழுவினார்கள் என்பது அங்கே, தலைவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

இறங்கி வந்த மறுநாள், மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு உள்ளே நுழைந்திருக்கும் மில்ஃபோர்டு ஃபியோர்டுக்குப் போக டிக்கெட் இருந்தது. ராத்திரி பெய்த மழையில் சாலையை மூடிவிட்டார்கள். மனசு உடைந்துபோய் ஏரிக்கரைப் பறவைக் காப்பகத்துக்கு நடந்தேன். கம்பிவேலிக்குள் டகாஹே. நம் ஊர் நீலத் தாழைக்கோழிக்கு உறவு, ஆனால் தடியாக, பறக்க முடியாமல், சிவப்பு அலகோடு. 1898-க்குப் பிறகு அற்றுப்போனதென்றே எழுதிவைத்திருந்த இனம். 1948 நவம்பரில் ஜெஃப்ரி ஆர்பெல் என்ற மருத்துவர் இதே ஏரிக்கு மேற்கே மர்ச்சிசன் மலையில் உயிரோடு கண்டார். இப்போது 500-ஐத் தாண்டியிருக்கின்றன. மழையில் நனைந்துகொண்டே ஒரு டகாஹே புல்தண்டைக் காலில் பிடித்து, நாம் கரும்பு கடிப்பதுபோல் அடிப்பக்கத்தை மட்டும் கடித்துத் துப்பியது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.

அடுத்த நாள் சாலை திறந்தது, மழை விடவில்லை. பேருந்து ஓட்டுநரிடம் "இப்படிப் பெய்கிறதே" என்று புலம்பினேன். அவர் "உனக்கு அதிர்ஷ்டம். வெயில் நாளில் வருகிறவர்களுக்கு இரண்டு அருவிதான் காட்ட முடியும்" என்றார். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்கு 1,400 போல. எப்போதும் விழும் பெரிய அருவிகள் போவன், ஸ்டெர்லிங் என்று இரண்டு, மழை வந்தால் நூற்றுக்கணக்கில்.

ஹோமர் குகைப்பாதை வாயிலில் சிக்னலுக்கு நின்றோம். 1935-ல் ஐந்தே பேர், கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கிய வேலை. போரினால் நின்று, பனிச்சரிவில் ஆட்களைப் பறிகொடுத்து, 1950-களில்தான் முடிந்தது. பாறைக்குள் 1.2 கிலோமீட்டர். ஆட்களைப் பறிகொடுத்த கதைக்கு வந்ததும் ஓட்டுநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வெளியே ஒரு கெயா முன்வண்டியின் கண்ணாடி ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. யாரும் தின்னக் கொடுக்காதீர்கள், கொடுத்துப் பழக்கினால் சாலையிலேயே சுற்றிச் சுற்றி வந்து வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகும் என்றார். அப்படிக் கொடுக்கப் போகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து நீங்களும் தடுங்கள்.

குகையைத் தாண்டியதும் நான் பேசவில்லை. எல்லாப் பாறையிலும் வெள்ளைக் கோடுகள். எங்கே மேகம் முடிகிறது, எங்கே அருவி தொடங்குகிறது என்றே தெரியவில்லை. படகு ஸ்டெர்லிங் அருவிக்கு அடியில் மூக்கை நீட்டியபோது, 150 மீட்டர் மேலிருந்து விழுந்த தண்ணீர் கண்ணைத் திறக்கவிடவில்லை. சில அருவிகளைக் காற்று பாதியிலேயே மேலே தூக்கிக்கொண்டு போனது, கடல்வரைக்கும் வந்து சேரவே இல்லை.

படகில் வேலை செய்த இளைஞர் ஒருவர் பாறையில் ஒரு நீண்ட வழுக்கைத் தடத்தைக் காட்டினார். அங்கே மண்ணே கிடையாது. பாசியில் வேர்விட்டு, ஒன்றின் வேரை மற்றொன்று பிடித்துக்கொண்டு மரங்கள் செங்குத்துப் பாறையில் நிற்கின்றன. மழை அதிகமாகி ஒன்று விழுந்தால் பிடித்திருந்தவை அத்தனையும் சேர்ந்து கடலில் இறங்கும். அதை 'மரச்சரிவு' என்கிறார்கள். பிறகு அதே பாறையில் பாசி முதலில் வரும், புதிய காடு எழ நூறு வருடம் ஆகலாம். தண்ணீருக்குள் இன்னொரு அதிசயம். மழைநீர் காட்டு இலைச் சாற்றோடு தேநீர் நிறத்தில் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கீழே வெளிச்சம் போகாததால், ஆழ்கடலில் வளரவேண்டிய கரும்பவளம் இங்கே 10 மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது.

சேண்ட்ஃப்ளை பூச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முழுக்கை, முழுக்கால் உடுப்பு கட்டாயம். இந்த இடத்தின் அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக்கூடாது என்று ஹினே-நூயி-டே-போ என்ற மாவோரித் தெய்வம்தான் அவற்றை விட்டுச் சென்றதாம். கடித்த இடம் ஒரு வாரம் அரித்தது. ஆனாலும் அந்தத் தெய்வம் செய்தது சரியென்றே படுகிறது.

கடைசியாக மனப்பூரி. மில்ஃபோர்டு போல இன்னொரு ஃபியோர்டான டவுட்ஃபுல் சவுண்டுக்கு இங்கிருந்துதான் போக வேண்டும். முதலில் ஏரியைப் படகில் கடந்து, வில்மாட் கணவாயைப் பேருந்தில் தாண்டி, மறுபடி படகு. 1770-ல் கேப்டன் குக் உள்ளே போனால் காற்று திரும்ப விடுமோ என்று சந்தேகப்பட்டு வெளியிலேயே போய்விட்டார், பெயர் அதனால் வந்தது. ஏரிப்படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இன்வர்கார்கில்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். கரையோர மரங்களைக் காட்டி "இதெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும்" என்றார். அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க ஏரி மட்டத்தை 30 மீட்டர் வரை உயர்த்தத் திட்டமிட்டிருந்தார்கள். 1970-ல் அதை எதிர்த்து 2,64,907 பேர் கையெழுத்திட்டார்கள், நாட்டின் மக்களில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் அப்போது மாணவர், வீடு வீடாகத் தாளைக் கொண்டுபோனவர். மின்நிலையம் மலைக்கு அடியில் இன்றும் ஓடுகிறது, ஏரி மட்டம் உயரவில்லை. "எங்கள் தெருவில் கையெழுத்துப் போடாத ஒரே வீடு என் மாமா வீடு. அவருக்கு ஆலையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை" என்றார். அந்த மாமாவைக் குறை சொல்லாமல்தான் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஃபியோர்டின் நடுவில் இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் யாரும் அசையாதீர்கள் என்றார்கள். எங்கேயோ ஓர் அருவி. ஒரு பறவை. அந்த ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

குயின்ஸ்டவுனில் கடைசிச் சாயங்காலம், காற்றில்லை. பெரியம்மா உட்கார்ந்த இடத்துக்குப் போய்த் தண்ணீர் விளிம்பில் ஒரு கல் வைத்தேன். விடுதியில் அந்த ஈப்போ பெண்ணுக்குப் பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அவசரம் எதுவுமில்லை. முதலில் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் ஈரமணல் தெரிந்தது. அது அகன்றுகொண்டே போனது. அப்புறம் மெல்லக் குறையத் தொடங்கியது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரம், கல்லின் அடி நனைந்திருந்தது.