பெற்றோருடன் பிரைட்டன்: ஒரே நாளில் என்ன பார்க்கலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில், குராய்டனில். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இருக்கும் பிரைட்டனுக்கு அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், கடல் தெரிந்தால் போதும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எதைக் காட்டினாலும் எந்த ஆண்டு, யார் கட்டியது என்று கேட்பார். நடை அதிகம் இருக்குமா? அங்கே இருக்கும் ராயல் பெவிலியன் அரண்மனைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போவது தகுமா, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதுமா?

தென்லண்டன்வாசி:
கடற்கரை என்ற பெயரில் முழுக்கக் கூழாங்கல்தான். அம்மாவால் அதில் நாலு அடி நடக்க முடியாது. மணல் வேண்டுமென்றால் போர்ன்மவுத் போங்கள். பிரைட்டனில் கூட்டமும் விலையும்தான் மிச்சம்.

ஹோவ்க்காரி:
கூழாங்கல் என்பது உண்மை. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்து ஹோவிலேயே குடியிருப்பவள், ஊருக்கு வரும் உறவுக்காரர்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டுவதே என் வேலையாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தேதியை மாற்றுங்கள் தம்பி. ஆகஸ்ட் முதல் வார இறுதியில் இங்கே பிரைடு ஊர்வலம், தற்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் கொண்டாட்டம். ஊர் திருவிழாக் கோலத்தில் இருக்கும், பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு செவ்வாய், புதனில் காலை அலுவலகக் கூட்டம் அடங்கிய பிறகு கிளம்புங்கள். ஈஸ்ட் குராய்டனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிரைட்டன்.

ஸ்டேஷனிலிருந்து கடல் வரை குவீன்ஸ் ரோடு ஒரே நேராக இறங்குகிறது, கால் மணி நேர நடைதான். இறக்கம்தானே என்று அம்மாவை நடத்திவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் கிடைக்கும். ஓல்டு ஸ்டெய்னில் இறங்கினால் ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் பேலஸ் பியர், அதாவது கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலம்.

அரண்மனைக்குள் கண்டிப்பாகப் போங்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வெளியே முகலாயக் குவிமாடம், உள்ளே சீன அலங்காரம். விருந்துக்கூடத்தின் உச்சியில் ஒரு வெள்ளி டிராகன், அதன் நகங்களிலிருந்து தொங்கும் பிரம்மாண்டமான சரவிளக்கு. பழைய சமையலறையில் இரும்புத் தூண்கள் உச்சியில் செப்பு ஓலைகள் விரித்துப் பனைமரமாக நிற்கும். அம்மாவுக்கு அது பிடிக்கும். பார்க்க வேண்டிய பெரிய அறைகள் எல்லாம் தரைத்தளத்திலேயே இருக்கின்றன, மாடி ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்பாவுக்கு ஆண்டுகள் வேண்டுமல்லவா? 1750-இல் ரிச்சர்டு ரசல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளித்தால், அதையே குடித்தாலும், சுரப்பி நோய்கள் தீரும் என்று எழுதினார். பணக்காரர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். மீன்பிடி ஊர் இப்படித்தான் உல்லாச ஊரானது. 1783-இல் வேல்ஸ் இளவரசர் வந்தார், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனவர். 1815 முதல் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து இந்தக் கோலத்துக்கு அரண்மனையை மாற்றிக் கட்டினார். 1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் சாதாரண மக்களும் வர ஆரம்பித்தார்கள். விக்டோரியா அரசிக்கு அந்தக் கூட்டமும் இந்த மாளிகையும் ஒத்துவரவில்லை. 1850-இல் ஊராரே அதை வாங்கிவிட்டார்கள்.

ஆனால் நான் உள்ளே போங்கள் என்று சொல்வதற்குக் காரணம் ராஜாக்கள் இல்லை. முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை, இது இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனை. பிரான்சுப் போர்முனையில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து அரண்மனையிலும் பக்கத்து டோம் அரங்கிலுமாக 700-க்கும் மேற்பட்ட படுக்கைகளில் கிடத்தினார்கள். ராஜா விருந்து சமைத்த அந்தப் பனைமரச் சமையலறையில் அறுவை சிகிச்சை நடந்தது. சிப்பாய்களுக்கு மதமும் சாதியும் பார்த்துத் தனித்தனியாக ஒன்பது அடுக்களைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்கள். அந்தக் கவனிப்பு பிரிட்டனுக்கு நல்ல விளம்பரமும் ஆனது. வரிசையாகக் கட்டில்கள் கிடக்கும் படங்களைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள். ஆனால் குணமாகி எழுந்த சிப்பாய் தன் இஷ்டத்துக்கு ஊருக்குள் உலாவ முடியாது, கட்டுப்பாடு பலமாக இருந்தது. அப்பா இரண்டையும் சேர்த்தே பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தின் தெற்கு வாசலில் குஜராத்தி பாணியில் ஒரு நுழைவாயில் நிற்கும். சிகிச்சைக்கு நன்றியாக இந்தியா கொடுத்தது, 1921-இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். இங்கே இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் இருக்கும் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பாட்சம் பக்கம் இறங்கிப் புல்வெளியில் மேடேறி நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஆகாது. அப்பாவை மட்டும் இன்னொரு நாள் அழைத்துப் போங்கள்.

அம்மாவுக்குக் கடல் பார்க்க: பேலஸ் பியருக்குப் பக்கத்திலிருந்து வோக்ஸ் மின்சார ரயில் கிளம்பும். 1883-இல் தொடங்கியது, இன்றும் ஓடும் மின்சார ரயில்களில் உலகிலேயே பழையது. பொம்மை ரயில் போல இருக்கும். கரையோரமாகவே மெதுவாகப் போகும், கூழாங்கல்லில் கால் வைக்காமலே கடல் பார்த்துவிடலாம். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் ஓடும், எல்லா நாளும் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்லண்டன்வாசி:
இவ்வளவு இருக்கிறதா! நான் பியரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பியவன். அதற்குள் போகவே உள்ளூர்க்காரர் அல்லாதவர்களிடம் இப்போது கட்டணம் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஹோவ்க்காரி:
ஆமாம், 2024-இலிருந்து. எனக்கும் பிடிக்கவில்லை. கரையில் நின்று பார்த்தாலே போதும். மேற்கே எரிந்துபோன பழைய வெஸ்ட் பியரின் இரும்புக்கூடு தண்ணீரில் நிற்கும், அதற்குக் காசு கேட்பாரில்லை.

காவிரிக்கரை:
மிக்க நன்றி அக்கா. தேதியைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். முழுவதையும் அப்பாவிடம் படித்துக்காட்டினேன். போருக்கு முன்பே அங்கே குடியிருந்த இந்தியர் யாராவது உண்டா என்று கேட்கிறார். அம்மாவின் கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஹோவ்க்காரி:
அப்பா சரியான ஆள்தான். சேக் தீன் முகமது என்று பெயர், பாட்னாக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து நஷ்டப்பட்டு, 1814 வாக்கில் பிரைட்டனுக்கு வந்தார். நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதுமாகக் கடலோரத்தில் குளியல் மாளிகை நடத்தினார். நான்காம் ஜார்ஜே அவருடைய வாடிக்கையாளர். 1851-இல் இங்கேயே காலமானார். கல்லறை செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்து வளாகத்தில் இருக்கிறது. அதுவும் மேட்டில்தான், டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவ உணவகங்களுக்குப் பேர்போன ஊர் இது. லேன்ஸ் சந்துகளிலும் நார்த் லெய்னிலும் நிறைய இருக்கின்றன. அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வருவதானால் அரண்மனைத் தோட்டத்துப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், கரையில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். இந்த ஊர்க் கடற்புறா முதுகுப் பக்கமாகத்தான் வரும். இறக்கைக் காற்று காதில் படும்போது கையில் இருந்தது போயிருக்கும். இங்கே தோட்டத்திலும் சுற்றும், ஆனால் கரையில் இருப்பவை அளவுக்குத் துணிச்சல் கிடையாது. ஆகஸ்டானாலும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.