மறு: இன்வோக்டைனமிக்: ‘இயங்குநிலை அழைப்பு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் எந்திரத்தில் உள்ள ‘இன்வோக்டைனமிக்’ என்ற கட்டளைக்குத் தமிழ்ப் பெயர் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. வேலை நெருக்கடியில் படிக்க மட்டுமே முடிந்தது. இன்று ஞாயிறு, மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இன்வோக்டைனமிக் = இயங்குநிலை அழைப்பு. நேரடியாக இருக்கிறது. இதையே வைத்துக்கொண்டால் என்ன?

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். ‘இயங்கு’ என்ற ஒரே வேர் நம்மிடம் ஏற்கனவே எத்தனை பேருக்குக் கூலி வேலை பார்க்கிறது பாருங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இயங்குதளம். ரன்டைம் இயக்கச்சூழல். பைத்தானும் ரூபியும் இயங்குநிலை மொழிகள். ‘இயங்குநிலை மொழியை இயக்கச்சூழலில் இயக்க இயங்குநிலை அழைப்பு உதவுகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, மறுநாள் காலையில் நீங்களே படித்துப் பாருங்கள். எந்த இயக்கம் எது என்று எழுதியவருக்கே தெரியாது.

டைனமிக்கை இயக்கம் என்றும் ஸ்டாட்டிக்கை நிலை என்றும் பெயர்ப்பது இயற்பியல் பாடத்திலிருந்து வந்த பழக்கம். நிலையியல், இயக்கவியல் அங்கே சரி. ஒன்று நிற்கிறது, இன்னொன்று நகர்கிறது. நிரல்மொழியில் எதுவும் நகர்வதில்லை. ஒரு மதிப்பின் தரவினம் (எண்ணா, எழுத்துச் சரமா என்பது) நிரலைத் தொகுக்கும்போதே, அதாவது எந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றும்போதே முடிவாகிறதா, நிரல் ஓடும்போதுதான் தெரியவருகிறதா என்பதே கேள்வி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜாவாவுக்காகக் கட்டப்பட்ட மெய்நிகர் எந்திரமான ஜேவிஎம்மில், ஜாவா 6 வரை முறைகளை (மெதட்களை) அழைக்க நான்கு கட்டளைகள்தான் இருந்தன. எந்த வகுப்பு, எந்த முறை, என்னென்ன தரவினங்களை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று அந்த நான்கிலும் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் உள்ள கடிதம் மாதிரி. ரூபியில் ‘அ + ஆ’ என்பதோ ‘அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் தையல்காரர் வீடு’ என்று மட்டும் எழுதிய கடிதம். அ என்பது எண்ணா, சரமா, யாரோ ஒருவர் நேற்று எழுதிய வகுப்பா? ஓடும்போதுதான் தெரியும்.

ஜேவிஎம்மில் பைத்தானை ஓட்டும் ஜைத்தான், ரூபியை ஓட்டும் ஜேரூபி போன்றவை அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தன? எல்லாவற்றையும் ‘ஆப்ஜெக்ட்’ என்ற பொதுப்பெயரில் அனுப்பிவிட்டு, உரிய முறையைத் தேடும் வேலையைத் தாமே செய்தன. ஓடியது, ஆனால் மெதுவாக. தேடலை மொழிக்காரர்களே செய்ததால் நிரல் ஓடும்போதே அதை எந்திர மொழியாக்கி வேகப்படுத்தும் ஜேவிஎம்மின் ஜிட் தொகுப்பிக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாததை அது எப்படி வேகப்படுத்தும்?

2011இல் ஜாவா 7 வந்தபோது, ஜேஎஸ்ஆர் 292 என்ற வரையறையின்படி ஐந்தாவது கட்டளையாக இன்வோக்டைனமிக் சேர்ந்தது. அதன் எண் 186. அதுவரை யாரும் வீடு கட்டாத காலி மனையாகக் கிடந்த எண் அது. நம் சொல் விவாதத்துக்கு முக்கியம் அந்தக் கட்டளை செய்கிற வேலை. நிரல் முதன்முறை அந்த இடத்துக்கு வந்ததும், ஜேவிஎம் தானாக முடிவெடுக்காமல் மொழிக்காரர் எழுதி வைத்த ஒரு முறையைக் கூப்பிட்டு ‘இங்கே யாரை அழைக்க வேண்டும்?’ என்று விசாரிக்கிறது. கிடைத்த பதிலை அந்த இடத்திலேயே குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விசாரணை கிடையாது, நேரே போய்விடும். புதுத் தபால்காரர் முதல் நாள் டீக்கடையில் கேட்பார். இரண்டாம் நாள் கேட்பாரா? பதில் அப்படி நிலைத்துவிடுவதால் ஜிட் தொகுப்பியும் அதை நம்பி வேகப்படுத்தலாம்.

இனி என் முக்கியமான ஆட்சேபம். இந்தக் கட்டளை இன்று இயங்குநிலை மொழிகளுக்கு மட்டும் உரியதே அல்ல. ஜாவா 8இல் (2014) வந்த லாம்டாக்களை, அதாவது பெயரில்லாத சிறு செயல்கூறுகளைத் தொகுத்தால் உள்ளே இருப்பது இன்வோக்டைனமிக். ஜாவா 9இலிருந்து சரங்களைக் கூட்டல் குறியால் ஒட்டினாலும் பெரும்பாலும் அதேதான். இந்த இரண்டிலும் தரவினங்கள் எல்லாம் தொகுக்கும்போதே தெரியும். ஆகவே ‘இயங்குநிலை அழைப்பு’ என்று வைத்தால், ஒரு வரி லாம்டா எழுதிய மாணவருக்கு ‘ஜாவா இயங்குநிலை மொழியாகிவிட்டதா?’ என்ற சந்தேகம் வரும். ஆங்கிலப் பெயரே அரைகுறைதான். அந்தக் குறையையும் சேர்த்து நாம் பெயர்க்க வேண்டுமா?

சரி, மற்றவர்கள் சொன்னவற்றுக்கு வருகிறேன்.

> பின்னிணைப்பு அழைப்பு?

பின்னிணைப்பு என்றால் புத்தகத்தின் கடைசியில் அட்டவணைகளோடு வருவது. விட்டுவிடலாம்.

> மொழிகளையே முன்முடிவு மொழி, பின்முடிவு மொழி என்று பிரித்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

முடிவாகும் நேரத்தைச் சொல்வதால் திசை சரி. ஆனால் ‘முன்முடிவோடு பேசாதே’ என்று சண்டையில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. பைத்தான்காரர்கள் வேண்டுமானால் ஜாவாவை முன்முடிவு மொழி என்று அழைத்து மகிழலாம்.

> வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும். ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகிற, ஊறும் மூன்றும் அடங்கும். இங்கே அழைக்கப்படுபவர் மறைந்திருக்கிறார். ஆகவே ‘தொகை அழைப்பு’.

அக்கா, இதைப் படித்ததும் கைதட்டலாம் போலிருந்தது. தமிழாசிரியர் ஒருவர் குழுவில் இருப்பதன் அருமை இதுதான். ஆனால் வீட்டில் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். கடன் தவணை கட்டச் சொல்லி வங்கியிலிருந்து வரும் போன் என்று நினைத்துவிட்டான். அதைக்கூட விடலாம். ஊறுகாயில் மூன்று காலமும் என்றைக்கும் மறைந்தேதான் இருக்கும். இங்கே முதல் விசாரிப்போடு மறைவு தீர்ந்துவிடுகிறது. உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது.

விசாரிப்பதுதான் இந்தக் கட்டளையின் உயிர் என்றால், அதற்கு நம்மிடம் சும்மா கிடக்கும் ஒரு நல்ல சொல் இருக்கிறது: உசாவுதல். ‘வினவல்’ தரவுத்தளக்காரர்களிடம் போய்விட்டது. ‘தேடல்’ கூகுளிடம். உசாவுக்கு நிரலாக்கத்தில் இன்னும் யாரும் பட்டா வாங்கவில்லை. அதற்காக முற்றிலும் வழக்கிழந்த சொல்லும் இல்லை. இலங்கை நண்பர்களுக்கு உசாத்துணை பழகிய சொல், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியிலும் பார்த்திருப்பீர்கள்.

என் முன்மொழிவு: இன்வோக்டைனமிக் = உசாவழைப்பு. உசா + அழைப்பு, நடுவில் வகர உடம்படுமெய்.

இதன் குடும்பமும் எளிதாக அமைகிறது. பதில் சொல்ல மொழிக்காரர் எழுதி வைக்கும் பூட்ஸ்டிராப் முறையை ‘உசாவி’ என்கலாம். ஆங்கிலத்தில் அது காலணி வாரிலிருந்து வந்த உருவகம், நமக்கு அந்த வாரே தேவையில்லை. ‘உசாத்துணை’ இன்னும் பொருத்தம்தான், கை துறுதுறுத்தது. ஆனால் அது மேற்கோள் நூல்களுக்குப் போய்விட்டது. அழைப்பு நிகழும் இடமான கால்சைட்டுக்கு யாழ்ப்பாணத்து அண்ணா சொன்ன ‘அழைப்பிடம்’ அப்படியே இருக்கட்டும். ஒரு முறையைச் சுட்டி நிற்கும் மெதட் ஹேண்டிலுக்கு வந்த ‘முறைப்பிடி’யும் எனக்குச் சம்மதம்.

> ஒரே ஒரு ஜேவிஎம் கட்டளைக்கு இவ்வளவு பாடா?

ஒரே கட்டளை என்றாலும் கருத்து பொதுவானது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் 2010இல் நான்காம் பதிப்போடு வந்த, இயங்குநிலை மொழிகளுக்கான டிஎல்ஆரும் அழைப்பிடத்தில் கேட்டு நினைவில் வைப்பதைத்தான் செய்கிறது. 1997இல் ஜைத்தானைத் தொடங்கிய ஜிம் ஹுகுனின்தான் பிறகு டாட்நெட்டில் பைத்தானை ஓட்டும் அயர்ன்பைத்தானையும் எழுதினார். அழைப்பிடத்திலேயே பதிலைக் குறித்து வைக்கும் உத்தி இன்வோக்டைனமிக், டிஎல்ஆர் இரண்டுக்கும் முந்தியது. 1984இலேயே ஸ்மால்டாக் என்ற நிரல்மொழிக்காக டாய்ச்சும் ஷிஃப்மனும் எழுதிவிட்டார்கள். ஆகவே சொல் கிடைத்தால் பல இடத்தில் உதவும்.

கலைச்சொல்லைப் பட்டியலில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். என் வரைவிலிருந்து ஒரு பத்தி:

‘ரூபியின் கூட்டலை ஜேரூபி ஓர் உசாவழைப்பாகத் தொகுக்கிறது. நிரல் முதன்முறை அந்த அழைப்பிடத்தை எட்டும்போது உசாவி ஓடி, உரிய முறைப்பிடியை அங்கே பொருத்துகிறது. பின்னர் வேறு தரவினம் வந்தால் கார்டு அதைத் தடுத்து மீண்டும் உசாவ அனுப்பும்.’

எனக்கு நாக்கில் இடறவில்லை. உங்களுக்கு?

பத்தியில் ஒரு ‘கார்டு’ நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். குறித்து வைத்த பதில் இப்போதும் செல்லுமா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் சிறு சோதனை அது. ‘காப்பு’ என்றால் வளையல் நினைவுக்கு வருகிறது, ‘காவல்’ என்றால் போலீஸ். ‘வாயிற்சோதனை’ என்று எழுதிப் பார்த்தேன், விமான நிலையம் மாதிரி இருக்கிறது. புதன்கிழமைக்குள் யாராவது நல்லதாக ஒன்று சொல்லுங்கள். அதுவரை வரைவில் அது கார்டாகவே இருக்கும்.