துபாய் வந்து 5 வாரம், மாற்றிய சர்வர் நீலத் திரையில் நிற்கிறது

கீழக்கரை–துபாய்:
எல்லோருக்கும் ஸலாம். வந்து 5 வாரம்தான் ஆகிறது, இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறேன். ஒரே மெஷினில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரிலிருந்து, அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்குக் கம்பெனியின் சர்வர்களை மாற்றும் வேலையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இதற்கு முன்னால் பார்த்தவர் போய்விட்டார். முதல் சர்வரை நேற்று இரவு மாற்றினேன். நீலத் திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடியும் அதே நீலத் திரை. திங்கள் காலை ஆபீஸ் திறக்கும்போது அது ஓடியாக வேண்டும். ஓடவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? விசா செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்களா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

தொண்டி–ஷார்ஜா:
தம்பி, முதலில் போய்ச் சாப்பிடு. 2009ல் நான் வந்தபோது துபாய் தேராவில் ஒரே அறையில் 8 பேர். எனக்கு மேல் கட்டில், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும். துண்டை நனைத்துக் கயிற்றில் போட்டு மறைத்துக்கொண்டு தூங்குவேன். முதல் சம்பளம் மூன்றாவது மாதம்தான் வந்தது, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது சட்டப்படி தப்பு என்று எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்க வேண்டும். ப்ரொபேஷன் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் நிறுத்துவதாக இருந்தாலும் 14 நாளுக்கு முன்னால் எழுத்தில் தர வேண்டும். வேலைக்கு எடுத்த செலவை உன் தலையில் கட்ட இங்குள்ள 2021 தொழிலாளர் சட்டத்தில் இடமே இல்லை. நீயாக வேறு கம்பெனிக்குப் போனால் ஒரு மாத நோட்டீஸ், அதை மட்டும் மறந்துவிடாதே. பயத்தில் ராஜினாமா கடிதம் எழுதிவிடாதே.

தங்கச்சிமடம்–தோஹா:
ப்ராக்ஸ்மாக்ஸுக்கு ஏன் போனீர்கள் என்பதுதான் என் கேள்வி. விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் இருந்தால் அதே மெஷினில் எத்தனை விண்டோஸ் விஎம் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) வேண்டுமானாலும் ஓட்டலாம், அவற்றை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியும் அதிலேயே வந்துவிடுகிறது. நாங்கள் அப்படித்தான் மாறினோம். எனக்கும் முதல் நாலு மாதம் நரகம்தான். ராத்திரி 2 மணிக்கு டேட்டா சென்டரில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்பேன், வெளியே வந்தால் அந்த நேரத்திலும் அனல் அடிக்கும். ஊர்ப் பக்கம் கச்சான் காற்று நினைவுக்கு வந்து கண் கலங்கிவிடும்.

ராமநாதபுரம்–ஃபிராங்க்பர்ட்:
ஹைப்பர்-விக்குப் போ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் இருந்து விஎம்களை ஓட்டுவது கேவிஎம். அது 2007லேயே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. ப்ராக்ஸ்மாக்ஸைச் செய்வது வியன்னாவில் இருக்கும் கம்பெனி, 2008லிருந்து வெளியிட்டு வருகிறார்கள், அனாதை மென்பொருள் இல்லை. பிரச்சினை எங்கே தொடங்கியது? 2023 நவம்பரில் ப்ராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது, எல்லாம் சந்தா. அதுவும் சிபியூவுக்குள் இருக்கும் கோர்களின் கணக்கு: ஒரு சிபியூவில் 8 கோர்தான் இருந்தாலும் 16க்குக் கட்ட வேண்டும். சொந்த வள்ளத்தைக் கரையில் கட்டி வைத்திருப்பவனிடம், இனி வருடாவருடம் குத்தகை கட்டினால்தான் கடலில் இறக்கலாம் என்பது போல.

தங்கச்சிமடம்–தோஹா:
அப்படியும் இல்லை. பழைய நிரந்தர லைசென்ஸ் செல்லும், சப்போர்ட்டும் புதுப் பதிப்பும்தான் வராது. வள்ளம் என்று சொன்னதால் சொல்கிறேன்: எங்கள் வீட்டு விசைப்படகு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் கிடக்கும். அந்த 61 நாளில் அத்தா பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துக் கழுவிச் சேர்ப்பார். சர்வருக்கு அப்படி இரண்டு மாதம் யார் தருகிறார்கள்? ஒரு வார இறுதியில் முடி என்கிறார்கள்.

தொண்டி–ஷார்ஜா:
வார இறுதியும் இப்போது சனி, ஞாயிறாக மாறிவிட்டது. அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. போன லீவில் புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போனேன். கடல் இரண்டு பக்கமும் கைக்கு எட்டுகிற மாதிரி தெரிந்தது, இறங்கவே மனசு வரவில்லை.

மண்டபம்–சிங்கப்பூர்:
பாலத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், ஒரு பையன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். பழைய இஎஸ்எக்ஸ்ஐயில், அதாவது விஎம்வேர் ஓடும் மெஷினில், அந்த விஎம் இன்னும் இருக்கிறதா, அழித்துவிட்டீர்களா? நீலத் திரையில் என்ன எழுதியிருக்கிறது? எப்படி மாற்றினீர்கள்? டிஸ்க் விசானில் (விஎம்வேரின் பகிர்ந்த சேமிப்பு) இருந்ததா? ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்தது, ஏதாவது? டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர்? அந்த சர்வரில் ஓடுவது என்ன?

கீழக்கரை–துபாய்:
அக்கா, பழையதை அணைத்து மட்டும் வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை. இஎஸ்எக்ஸ்ஐ 7. ப்ராக்ஸ்மாக்ஸில் உள்ள இம்போர்ட் வழியாகத்தான் எடுத்தேன், அதிலேயே டிஸ்கை இணைக்கும் வகையை விர்ட்ஐஓ ஸ்கஸி என்று வைத்தேன். விண்டோஸ் சர்வர் 2016, கணக்கு சாஃப்ட்வேரும் அதன் டேட்டாபேஸும். திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. விசான் இல்லை, பிட்லாக்கர் இல்லை. ஸ்னாப்ஷாட் இதில் இல்லை, ஆனால் வேறு இரண்டு விஎம்மில் ஐந்து மாதப் பழசு இருக்கிறது.

மண்டபம்–சிங்கப்பூர்:
அழிக்கவில்லை என்றால் திங்கள் காலை உங்களுக்கு ஒன்றும் ஆகாது. இம்போர்ட் என்பது நகல்தான், அசல் அப்படியே இருக்கிறது. ஞாயிறு இரவு 9 மணி வரை பாருங்கள். சரியாகவில்லை என்றால் புதியதை அணைத்துவிட்டுப் பழையதை ஆன் செய்துவிட்டுத் தூங்குங்கள்.

விண்டோஸ் கெட்டுப்போகவில்லை. விர்ட்ஐஓ வகை டிஸ்கைப் படிக்கும் டிரைவர் அதற்குள் இல்லை, அதனால் தன் டிஸ்க்கே அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. விஎம்மை அணைத்து, ஹார்ட்வேர் பக்கத்தில் டிஸ்கை டிடாச் செய்யுங்கள். அது 'அன்யூஸ்ட்' என்று கீழே வரும். அதை இரண்டு முறை தட்டி, விண்டோஸுக்கு ஏற்கனவே தெரிந்த சாட்டா வகையில் சேர்த்துவிடுங்கள். ஆப்ஷன்ஸில் பூட் ஆர்டரில் (எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) அந்த சாட்டா டிஸ்கை டிக் செய்து மேலே கொண்டுவர வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆன் செய்வதற்கு முன்னால் நெட்வொர்க் கார்டில் 'டிஸ்கனெக்ட்' போடுங்கள். புதியதில் ஒரு பில் பதிவாகிவிட்டால் அப்புறம் பழையதுக்குத் திரும்புவது பெரிய வேலை.

விண்டோஸ் வந்ததும் விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை சிடியாக மாட்டி டிரைவரைப் போடுங்கள். 1 ஜிபியில் ஒரு காலி டிஸ்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் சேர்த்துவிடுங்கள். அதை விண்டோஸ் பார்த்துவிட்டால் டிரைவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு அணைத்து, அசல் டிஸ்கை ஸ்கஸிக்கு மாற்றி, பூட் ஆர்டரை மறுபடியும் சரி செய்யுங்கள். காலி டிஸ்கை எடுத்துவிடலாம்.

அடுத்தது ஐபி, நெட்வொர்க்கில் சர்வரின் முகவரி. பழைய நெட்வொர்க் கார்டு டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி அதை நீக்கிவிட்டு, புதிய கார்டில் பழைய ஐபியைக் கொடுங்கள். இஎஸ்எக்ஸ்ஐ பக்கத்திலும் அந்த விஎம்மின் நெட்வொர்க்கைத் துண்டித்து வையுங்கள். தெரியாமல் யாராவது ஆன் செய்தால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் மோதும்.

அந்த ஐந்து மாத ஸ்னாப்ஷாட்டுகளை இன்றைக்குத் தொடாதீர்கள். ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று விஎம்வேரே சொல்லும். பெரிதாக வளர்ந்ததை ஒன்றுசேர்க்க மணிக்கணக்கில் ஆகும். விஎம்களின் டிஸ்குகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் செய்யுங்கள், அது முடிந்த பிறகுதான் இம்போர்ட்.

ராமநாதபுரம்–ஃபிராங்க்பர்ட்:
அக்கா சொன்னது சரி. இன்னொன்றும் சொல்கிறேன்: மீதி சர்வர்களில் விஎம்முக்குள் இருக்கும் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸைப் பழைய இடத்திலேயே நீக்கிவிட்டு மாற்றுங்கள். மாறிய பிறகு பெரும்பாலும் அது நீங்க மறுக்கும்.

தொண்டி–ஷார்ஜா:
தம்பி, என்ன ஆச்சு? சாப்பிட்டாயா?

கீழக்கரை–துபாய்:
காக்கா, சாப்பிட்டேன். உம்மா கொடுத்துவிட்ட தொதல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா, சாட்டாவில் வைத்ததும் லாகின் திரை வந்துவிட்டது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் போட்டு ஸ்கஸிக்கும் மாற்றியாகிவிட்டது, டேட்டாபேஸ் திறக்கிறது. மேனேஜரிடம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், பழையதை ஒரு மாதம் வைத்திருக்க ஒத்துக்கொண்டார். இன்னும் 11 சர்வர் இருக்கிறது, அதில் ஒன்று, எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர். அதையும் இதே மாதிரி செய்யலாமா?

மண்டபம்–சிங்கப்பூர்:
அதை மாற்ற வேண்டாம். புதிய இடத்தில் புதிதாக ஒரு டொமைன் கன்ட்ரோலர் கட்டுங்கள். பழையதோடு ஒத்திசைந்து நிற்கட்டும், பழையதின் பொறுப்புகளை (ரோல்) புதியதுக்கு மாற்றிவிட்டுப் பழையதை முறையாக டிமோட் செய்து பொறுப்பிலிருந்து இறக்கலாம். ஆனால் அது வேறொரு சனிக்கிழமைக்கு. இப்போது வீட்டுக்குப் போன் போடுங்கள்.