பவர் ஸ்டியரிங் கசிவு: சீல் மாற்றியும் நிற்கவில்லை, ரேக்கையே மாற்றுவதா?

காவிரிக்கரை
எங்கள் வீட்டு வண்டி 2004ஆம் ஆண்டு ஃபோர்ட் ஐகான், பெட்ரோல். இருபது வயது தாண்டிவிட்டது, ரப்பர் இறுகுவது இயல்புதான். ஆனால் பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் கசிவு மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது. முதலில் பம்பிலிருந்து ரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் பிரஷர் ஹோஸை மாற்றினோம். பிறகு முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டும் அதன் கூடும் சேர்ந்த ரேக்கைக் கழற்றி, எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையங்களான சீல் கிட் போட்டார்கள். ஒரு மழைக்காலம் முடியும்வரை தரை காய்ந்திருந்தது. இப்போது மறுபடியும் இடது முன்சக்கரத்தின் பின்னால் சிவப்புச் சொட்டு விழுகிறது. ரேக்கின் முனையை மூடும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸை அந்தப் பக்கத்தில் அமுக்கினால் உள்ளே எண்ணெய் தளும்புகிறது. பட்டறையில் ரேக்கையே மாற்றச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ கசிவு நிறுத்தும் திரவம் ஒரு புட்டி ஊற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

சிவகங்கைச் சீமை
புட்டியை வாங்கி ஊற்றுங்கள். இந்த வண்டியை இன்று விற்றால் என்ன கிடைக்கும்? அதில் பெரும்பகுதியை ஒரு ரேக்குக்குக் கொடுப்பது என்ன கணக்கு? ஏற்கெனவே 15 ஆண்டு முடிந்து மறுபதிவு, பசுமை வரி என்று கட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். மாதம் ஒருமுறை ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவைத் திறந்து பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஒருவேளை எண்ணெய் முழுவதும் போய்விட்டாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்பு இணைப்பு இருக்கிறது. திருப்பக் கனக்கும், அவ்வளவுதான்.

பல்லடம் பட்டறை
கனக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது ஐயா. பம்புக்குத் தனி உயவு கிடையாது. அந்த எண்ணெய்தான் அதற்கு உயிர். டப்பா காலியாகி ஓடினால் பம்பின் இறக்கைகள் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் ரேக்கின் வால்வு வரை போகும். ஒரு சீலுக்குப் பார்த்த கணக்கு பம்ப், ரேக் இரண்டுக்குமாக வளர்ந்துவிடும்.

புட்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திரவம் இறுகிச் சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். பல ஆண்டு ஓடி இறுகிய சீலில் ஈரம் கசிந்தால் சில மாதங்களுக்குப் பலன் தெரியலாம். காவிரிக்கரை தம்பியின் வண்டியில் இருப்பது புதுச் சீல். புதுச் சீல் இறுகவே இல்லையே, எதை உப்ப வைப்பது? சீல் புதிதாக இருந்தும் ஒழுகுகிறது என்றால் அது உரசுகிற இரும்பு கெட்டிருக்க வேண்டும், அல்லது மாட்டும்போதே சீல் அறுபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் இன்னொரு சீல் கிட் போட்டாலும் அடுத்த மழையில் இதே சொட்டுதான் விழும்.

கொங்கு வண்டிகள்
பல்லடம் அண்ணா சொன்னதையே நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். இரும்பு கெட்டுவிட்டது என்றால் ரேக்கை மாற்றத்தானே வேண்டும்? ஃபோர்ட் 2021இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உதிரிபாகம் கிடைக்கும்போதே புதுப்பித்த ரேக் ஒன்றை வாங்கிப் போடுவதுதான் அறிவு. கழற்றி மாட்டும் கூலி, சக்கர அலைன்மென்ட், புது எண்ணெய் எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவாகின்றன. சீல் கிட்டை இரண்டு முறை போடும் காசில் ரேக் வந்துவிடும்.

பல்லடம் பட்டறை
புதுப்பித்த ரேக் என்று அட்டைப்பெட்டியில் வருவதற்குள் என்ன வேலை நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பல இடங்களில் அதே பழைய தண்டுக்குப் புதுச் சீல் போட்டு, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உங்கள் கையில் இருக்கும் ரேக்கையாவது திறந்து பார்க்க முடியும்.

திறந்தால் பார்க்க வேண்டியது இதுதான். தண்டின் ஒரு பகுதியில் பற்கள் இருக்கும், மற்றப் பகுதி கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். சீல் ஓடும் அந்த வழவழப்பான பகுதியைத் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே துருக்குழி இருக்கிறது. பெல்லோஸ் கிழிந்தோ, கிளாம்ப் தளர்ந்தோ மழைத்தண்ணீர் உள்ளே போனால் இந்தக் குழி விழும். அதன்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் அது அரம் மாதிரி சீலின் உதட்டை அறுக்கும்.

இன்னொன்று. உள் சீலைப் பற்களைத் தாண்டித்தான் தண்டில் ஏற்ற வேண்டும். பற்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி ஏற்றுவது முறை. அவசரத்தில் வெறும் கையால் தள்ளினால் உதட்டில் மயிரிழை அளவு வெட்டு விழும். முதல் நாளே ஒழுகாது. அழுத்தமும் சூடும் ஏற ஏற வெட்டு பெரிதாகி, சில மாதம் கழித்துத்தான் சொட்டும்.

சேலத்து மலர்
அண்ணா, இடது பெல்லோஸில் எண்ணெய் இருப்பதால் இடது சீல்தான் போயிருக்கிறது என்று முடிவுகட்டலாமா? சில ரேக்குகளில் இரண்டு பெல்லோஸையும் இணைக்கும் காற்றுக்குழாய் உண்டு. ஒரு பக்கம் ஒழுகிய எண்ணெய் மறுபக்கத்துக்கும் போகும். வண்டி சரிவில் நின்றால் தாழ்ந்த பக்கத்தில் சேரும். தண்டை நகர்த்தும் சிறு பல்சக்கரமான பினியனின் சீல் ஒழுகினால்கூட எண்ணெய் ரேக்கின் உடல் வழியாக ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும். கழற்றுவதற்கு முன் அடிப்பாகம் முழுவதையும் கழுவிக் காயவைத்து, எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் ரேக் என்று எல்லோரும் சொன்னார்கள். சாயம் ஒளிர்ந்தது பம்பில் ஹோஸ் சேரும் இடத்தில். பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். நசுங்கிய வாஷர் மறுபடி அடைக்குமா?

பல்லடம் பட்டறை
சரியாகச் சொன்னாய் அம்மா. அந்த வாஷர் ஒருமுறைதான்.

சிவகங்கைச் சீமை
நீங்கள் எல்லோரும் பட்டறை வைத்திருப்பவர்கள்போல் பேசுகிறீர்கள். சாயம், விளக்கு, நகச்சோதனை எல்லாம் சரி, ஊர்ப்புறத்தில் யார் செய்வார்கள்? எங்கள் ஊர் மெக்கானிக் டப்பாவில் கொஞ்சம் பிரேக் ஆயில் விட்டார். கசிவு நின்றது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பல்லடம் பட்டறை
ஐயா, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்துவிட வேண்டாம். பிரேக் எண்ணெய் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, கனிம எண்ணெய் அல்ல. பவர் ஸ்டியரிங் சீல்களில் பெரும்பாலானவை கனிம எண்ணெய்க்காகச் செய்த நைட்ரைல் ரப்பர். பிரேக் எண்ணெய் பட்டதும் அது உப்பும், அதனால்தான் கசிவு நிற்கிறது. அதோடு நிற்காது. ரப்பர் கொழகொழவென்று ஆகி உதிரும். அப்போது ஒரு சீல் அல்ல, பம்ப், ரேக், ஹோஸ் என்று வட்டத்தில் இருக்கும் அத்தனை ரப்பரும் போகும். மூடியிலும் கையேட்டிலும் எந்த எண்ணெய் என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

திருச்செங்கோடு ரிக்
ஹோஸ் மாற்றினேன் என்கிறாரே, எங்கே வாங்கினார்? எங்கள் ஊரில் போர்வெல் ரிக்குகளுக்கு ஹோஸ் அடிக்கும் கடைகள் நிறைய உண்டு. பழைய முனையைக் கொடுத்தால் புது ஹோஸ் வைத்துக் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பிணைத்துத் தருகிறார்கள். பவர் ஸ்டியரிங்கில் அழுத்தம் 100 பார் அளவில்தான். ரிக் ஹோஸ் அதைவிட அதிகம் தாங்கும். கம்பெனி ஹோஸுக்கு அலைய வேண்டியதில்லை.

கொங்கு வண்டிகள்
அழுத்தம் தாங்குவது மட்டும் போதாது. கார் ஹோஸ் கொஞ்சம் விரிந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது. பம்பின் துடிப்பை அது வாங்கிக்கொள்ளும். கம்பிவலை பின்னிய விறைப்பான ஹோஸ் போட்டால் திருப்பும்போது ஸ்டியரிங் முனகும், துடிப்பு சீல்வரை போகும். பவர் ஸ்டியரிங்குக்கு என்றே வரும் ஹோஸைக் கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலகிப் போகிறதா என்றும் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட்டில் இந்த எண்ணெய் பீறிட்டால் தீப்பிடிக்கும். "ஊற்றி ஊற்றி ஓட்டலாம்" என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

காவிரிக்கரை
நேற்று வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தேன். இடது பெல்லோஸின் உள்பக்கம் கிளாம்பே இல்லை. பிளாஸ்டிக் கட்டுவார் போட்டு இறுக்கியிருக்கிறார்கள், அது பாதி நழுவியிருக்கிறது. விளிம்பில் சேற்றுக்கோடு. பட்டறையில் சீலை எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டேன். தாள் எதுவும் சுற்றவில்லையாம், "எப்போதும் போலத்தான்" என்றார்கள்.

பல்லடம் பட்டறை
நான் சொன்ன இரண்டு காரணங்களுக்கும் இடம் இருக்கிறது. மலர் சொன்னபடி முதலில் சாயம் விட்டுப் பாருங்கள். ரேக்தான் என்று உறுதியானால் கழற்றச் சொல்லி, தண்டை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். தண்டு சுத்தமாக இருந்தால் சீல் மட்டும். குழி இருந்தால் கோவையில் தண்டைத் தேய்த்து ஹார்டு குரோம் பூசித் தருபவர்களிடம் விலை கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ரேக் மாற்றுவதை நான் தடுக்க மாட்டேன்.

கொங்கு வண்டிகள்
குரோம் பூசும் செலவையும் காத்திருக்கும் நாளையும் கூட்டினால் நான் இன்னும் ரேக் பக்கம்தான். வாங்கும்போது பெல்லோஸை விலக்கித் தண்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

சிவகங்கைச் சீமை
கிளாம்பு இல்லாததற்கு அந்தப் பட்டறை கூலி வாங்காமல் மறுபடி செய்து தர வேண்டும். அதைக் கேளுங்கள் முதலில்.

சேலத்து மலர்
கேளுங்கள். எது செய்தாலும் மாட்டியபின் எண்ணெயில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலையை அவசரப்படுத்த விடாதீர்கள். முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்தே வைத்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி வருவது நின்றபிறகுதான் இன்ஜினை ஓட்ட வேண்டும். ஓடும்போது கடைசிவரை திருப்பி அழுத்திப் பிடிக்கவும் கூடாது. நுரை வந்துகொண்டே இருந்தால் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸின் கிளாம்பைப் பாருங்கள். அங்கே எண்ணெய் சொட்டாமலே காற்று மட்டும் உள்ளே போகும்.